ஆயாவுக்காக முப்பரிமாணத்தில் எடுத்த சிரசுத் திருவிழா

கல்யாணமாகி குடியாத்தத்துக்கு வந்த வருஷத்திலிருந்து எங்கள் ஆயா, கெங்கையம்மனின் தலை உருவத்தைக் கொண்டுவரும் சிரசு ஊர்வலத்தை ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. வைகாசி 1 அன்று விடியற்காலையிலேயே தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயில் பக்கம் போய் நின்றுவிடுவார். முட்டி தேய்ந்து படி இறங்க முடியாமல் போனதும் அது நின்றது. நான் வேலூரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவன். அந்த வருஷம் ஊர்வலத்தைப் படம் பிடித்து வந்து டிவியில் போட்டுக் காட்டினேன். “சனமெல்லாம் ஒருத்தர் மேல ஒருத்தர ஒட்டி வெச்சாப்புல கீதுடா, ஆரு எவருன்னே தெரியல” என்றார். அடுத்த வருஷம் முப்பரிமாணத்தில் எடுப்பது என்று அப்போதே முடிவு செய்தேன்.

முதலில் ஆயாவின் கண்களைப் பார்த்துக்கொண்டேன். இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, சுவரில் இருந்த தினசரி காலண்டரில் தேதியைப் படிக்கச் சொன்னேன். இரண்டு கண்ணாலும் படித்தார். ஒரு கண் மங்கலாக இருந்தால் இந்த வேலையே வீண். இடது கண்ணும் வலது கண்ணும் பார்க்கும் சிறிய வித்தியாசத்தைச் சேர்த்துத்தான் மூளை ஆழத்தை உண்டாக்குகிறது.

என்னிடம் ஒரு போன், தம்பியிடம் அதே மாடல் இன்னொன்று. படுக்கவைத்து எடுத்தால் இரண்டு லென்ஸுக்கும் இடையில் ஒரு போன் நீளத்துக்குத் தூரம் வந்துவிடும். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி லென்ஸுகளை நெருக்கினேன். ஆனால் சென்சார் படத்தை வரி வரியாகத்தான் படிக்கும். ஒரு போன் மேலிருந்து கீழும் மற்றது கீழிருந்து மேலும் படித்ததால், குறுக்கே ஓடும் எதுவும் இரண்டு படத்திலும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் இரண்டையும் நிமிர்த்தி, உறையைக் கழற்றி, ஒட்டினாற்போல ஒரு ரீப்பர் கட்டையில் பொருத்தினேன். லென்ஸ் இடைவெளி 7.5 செ.மீ. ஃபோர்கே (4K) தரத்தில் நெட்டுவாக்கில் எடுத்துக் குறுக்கே வெட்டினாலும் 2160 பிக்சல் அகலம் கிடைக்கிறது, அது தாராளம். போகஸ், வெளிச்சம், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் லாக் செய்துவிடுங்கள். கை ஆட்டத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷனைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு போனும் தனித்தனியாகப் படத்தை நகர்த்தி, ஆழத்தைக் குலைத்துவிடும்.

வேலூர் கோட்டைக்குள் ஸ்டாண்டு வைக்க அனுமதி வேண்டும் என்பதால் அகழிக்கு வெளியே, சாலையோரமாக ஒத்திகை பார்த்தேன். கைதட்டல் சத்தத்தை வைத்து இரண்டு கிளிப்பையும் சேர்த்தேன். கோட்டைச் சுவர் அழகாகப் பின்னால் போய் நின்றது. ஆனால் இடமிருந்து வலமாகப் போன ஆட்டோ சாலையை விட்டு முன்னால் வந்து மிதந்தது, எதிர்த்திசையில் வந்த ஆட்டோ சாலைக்குள் புதைந்தது. இரண்டு போனுக்கும் அரை பிரேம் வித்தியாசம் இருந்தால்கூடப் போதும், ஓடும் பொருள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. நொடிக்கு 60 பிரேமுக்கு மாற்றினேன். அதில் மிஞ்சும் பிழை அதிகம் போனால் 8 மில்லிசெகண்ட், கண் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொரு கிளிப்புக்கும் புதிதாக ஒரு கைதட்டல் வேண்டும்.

தூரத்துக்கு ஒரு கணக்கு உண்டு: லென்ஸ் இடைவெளியைப்போல 30 மடங்கு தூரத்துக்குள் எதுவும் வரக்கூடாது. எனக்கு அது இரண்டே கால் மீட்டர். திருவிழாக் கூட்டத்தில் அதற்கு எங்கே போவது? அதனால் பாதியைத் திண்ணை மேலிருந்தும், மீதியைத் தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடியிலிருந்தும் எடுத்தேன். மாடியிலிருந்து பார்த்தால் ஊர்வலம் 15 மீட்டருக்கு அப்பால். அதே கணக்குப்படி போன்களை அரை மீட்டர் தள்ளி வைத்தேன். ஆழம் பிரமாதமாக வந்தது.

காட்டுவதற்கு, சிவப்பும் மயில்நீலமும் ஒட்டிய அட்டைக் கண்ணாடியைத்தான் வாங்கினேன். பல தியேட்டர்களில் தரும் போலரைஸ்டு கண்ணாடிக்கு வெள்ளித் திரை வேண்டும், வேட்டித் திரையில் அது வேலை செய்யாது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்தால் அதுவே சிவப்பு-நீலமாக மாற்றித் தரும். முடிந்த படத்தைப் பென் டிரைவில்தான் எடுத்துப் போனேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நிறத்தைச் சுருக்கி, எல்லா உருவத்துக்கும் இரட்டை நிழல் வந்துவிடுகிறது.

வாடகைக்கு ஒரு புரொஜெக்டர் எடுத்து, கூடத்துச் சுவரில் எட்டடி அகலத்துக்கு வேட்டி கட்டி, ஆயாவின் மூக்குக்கண்ணாடி மேலேயே அட்டைக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் கழற்றிவிட்டார். “தலய வலிக்குது. மாடியிலேந்து எடுத்ததுல சனமெல்லாம் பொம்மையாட்டம் கீது. அம்மன் முகம் மினுக்கு மினுக்குங்குது.” மூன்றும் மூன்று தவறு, ஒன்றுகூடத் தப்பாமல் சொல்லிவிட்டார்.

தலைவலிதான் பெரிய தவறு. நான் லேப்டாப்பில் பார்த்தே எடிட் செய்திருந்தேன். தூரத்து கோபுரத்தின் இரண்டு பிம்பங்களுக்கும் 77 பிக்சல் இடைவெளி. லேப்டாப்பில் அது ஒன்றரை செ.மீ.கூட இல்லை. எட்டடித் திரையில் 9.6 செ.மீ. நம் கண்களுக்கு நடுவே இருப்பதே ஆறரை செ.மீ. அளவுதான். அதைத் தாண்டினால் இரண்டு கண்ணும் வெளிப்பக்கமாக விலகிப் பார்க்க வேண்டும், அது கண்ணுக்குப் பெரிய சிரமம். வலது படத்தை இடதுபக்கம் 29 பிக்சல் நகர்த்தி, ஓரங்களை வெட்டி, இடைவெளியை 6 செ.மீ.க்குக் கொண்டுவந்தேன். கடைசியாக எந்தத் திரையில் காட்டப்போகிறோம் என்பதை அளந்துகொண்டுதான் எடிட்டிங்கில் உட்கார வேண்டும்.

பொம்மையாகத் தெரிந்ததற்குக் காரணம் நான் வைத்த அரை மீட்டர் இடைவெளி. கண்கள் அவ்வளவு தள்ளி இருந்தால் உலகம் சின்னதாகத்தான் தெரியும். மாடியில் எடுத்ததை எல்லாம் மனசில்லாமல் நீக்கினேன். மினுக்கலுக்குக் காரணம் குங்குமச் சிவப்பு. சிவப்புத் தாள் வழியே அது பளிச்சென்றும், நீலத் தாள் வழியே கறுப்பாகவும் தெரியும். இரண்டில் எதை நம்புவது என்று மூளை தடுமாறும். நிறத்தைக் குறைத்துப் பார்த்தேன், போகவில்லை. கடைசியில் சிரசு வரும் காட்சிகளைக் கறுப்பு வெள்ளை ஆக்கினேன். அம்மன் முகத்தில் நிறம் போனது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் முகம் அசையாமல் நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வேட்டியைக் கட்டினோம். ஓடிய பதினோரு நிமிஷமும் ஆயா கண்ணாடியைக் கழற்றவில்லை. கோபாலபுரம் கோயில் வாசலில் சிரசு நுழையும்போது படத்தை நிறுத்தச் சொன்னார். எல்லோரும் அம்மனைப் பார்த்துக்கொண்டிருக்க, ஆயா கூட்டத்தின் கடைசி வரிசையைக் காட்டினார்.

“தோ, தூணாண்ட ஒதுங்கி நிக்கிறது நம்ம எதிர்வூட்டுக்காரி தான? போன வருசம் காட்னதுல அவ இல்லியே?”

போன வருஷப் படத்தையும் போட்டுப் பார்த்தோம். அதே தூண் ஓரம், முன்னால் நின்றவர் தோளோடு தோளாக ஒட்டி, அவர் அதிலும் இருந்தார்.