நிக்கோலே வரைந்த ஏரி நாடு

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், சிஸ்ஸெட்டன் ஊருக்கு மேற்கே மேட்டு விளிம்பில் ஜோசப் நிக்கோலேயின் பெயரில் 75 அடி உயரக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அதன் உச்சியில் நின்றபோது, கிழக்கே தட்டையான சமவெளியும் மேற்கே குட்டைகளும் ஏரிகளும் நிறைந்த மேடு பள்ளமான புல்வெளியும் எதிரெதிரே விரிந்திருந்தன. அருகிலுள்ள கூடத்தில் 1843-இல் வெளியான அவரது நிலப்படத்தின் நகலைப் பார்த்த பிறகே, கண்முன் இருந்த நிலத்தின் வடிவம் எனக்கு விளங்கியது.

பிரெஞ்சு வானியலாளரான நிக்கோலே, 1838, 1839 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க அரசுக்காக இப்பகுதியை அளந்தார். இளம் அதிகாரி ஜான் ஃபிரமான்ட் அவருக்குத் துணை. அட்சரேகை, தீர்க்கரேகைகளை வானத்தைப் பார்த்துக் கணித்த அவர், உயரத்தைப் பாதரசக் காற்றழுத்தமானியால் அறிந்தார். 100 அடி ஏறினால் பாதரசம் ஏறத்தாழ பத்தில் ஒரு அங்குலமே இறங்கும். வானிலை மாறினாலும் அது அசையும் என்பதால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக செயின்ட் லூயிஸ் நகரில் மருத்துவர் ஜார்ஜ் எங்கல்மன் அளவுகளைக் குறித்து வைத்தார். எளிதில் உடையும் அந்தக் கண்ணாடிக் குழாயைப் புல்வெளி நெடுகச் சுமந்து சென்றதை நினைத்தால், படத்திலுள்ள ஒவ்வொரு கோட்டின் மீதும் மதிப்புக் கூடுகிறது.

தேய்ப்புப்பெட்டியின் முனைபோல வடக்கு நோக்கிக் குறுகும் இந்த மேடு, பனியுகத்தில் இங்கே நகர்ந்து வந்த பெரும் பனிப்பாறையை இரு கிளைகளாகப் பிரித்தது. மேட்டின் மேல் தங்கிவிட்ட பனிக்கட்டிகள் மண்ணுக்குள் புதைந்து, மெல்ல உருகிய இடங்களே இன்றைய குட்டைகள். பனியுகக் கருத்தை லூயி அகாசி 1837-இல்தான் முன்வைத்திருந்தார்; அந்த விளக்கத்தின் துணையின்றியே நிக்கோலே மேட்டின் வடிவத்தைப் படத்தில் பிடித்துவிட்டார்.

பூர்வகுடிகளான டகோட்டா மக்களின் இடப்பெயர்களை அக்கறையோடு பதிந்த அதே மனிதர், ஏரிகளுக்குப் போர்த்துறைச் செயலர் பாயின்செட், செனட்டர் பென்டன் ஆகியோரின் பெயர்களையும் சூட்டினார். புரவலருக்கான நன்றிக்கடன் என்றாலும், எனக்கு அது உறுத்தியது.

அங்கிருந்து கிழக்கே, இரு ஏரிகளுக்கு இடையே அமைந்த பிரவுன்ஸ் வேலி என்ற ஊருக்குச் சென்றேன். ட்ராவர்ஸ் ஏரியின் நீர் ஹட்சன் விரிகுடாவுக்கும், பிக் ஸ்டோன் ஏரியின் நீர் மெக்சிகோ வளைகுடாவுக்கும் செல்கின்றன. இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர் தாழ்நிலம் மட்டுமே. லூயி அகாசியின் பெயர் தாங்கிய, பனி உருகி உண்டான பழம்பெரும் ஏரியின் நீர் தெற்கே வழிந்தோடிய வாய் இதுதான்.