கத்திரி வெயிலில் நீளும் சிறகு

சென்னைக் கல்லூரி ஆய்வகங்களில் பழ ஈ வளர்ப்பவர்களுக்கு மே மாதம் வந்தாலே வயிற்றைக் கலக்கும். உணவு தயாரிப்பது பெரிய வேலையில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ரவை 100 கிராம், வெல்லம் 100 கிராம், அகர் 10 கிராம்; காய்ச்சி, சூடு தணிந்தபின் புரோபியோனிக் அமிலம் 7.5 மில்லி. கொதிக்கும்போதே ஊற்றினால் அமிலம் ஆவியாகிப் பூஞ்சை பிடித்துவிடும். ஈ பாட்டில்களை ஒரே வெப்பநிலையில் வைக்கும் பெட்டியான பிஓடி இன்குபேட்டரை 25 டிகிரியில் நிறுத்துவதுதான் பெரும்பாடு.

கரண்ட் போய் உள்ளே 31-ஐத் தொட்டால், வெஸ்டிஜியல் என்னும் குட்டைச் சிறகு வகையில் சில ஈக்களுக்குச் சிறகு நீண்டுவிடும். ஈதர் மயக்கம் தெளிவதற்குள் எண்ணும் அவசரத்தில் அவற்றை நார்மல் பக்கம் தள்ளிவிடுவோம்; கலப்பின் இரண்டாம் தலைமுறையில் நார்மல் மூன்றுக்குக் குட்டை ஒன்று என்று மெண்டல் விதிப்படி வரவேண்டிய 3:1 கெடும். வெப்பம் ஜீனை மாற்றிவிட்டதா? தூய வெஸ்டிஜியல் பாட்டிலில் நீண்ட சிறகோடு வந்த பெண்களை, 25 டிகிரியில் வளர்ந்த வெஸ்டிஜியல் ஆண்களோடு சேர்த்து 25-இலேயே வையுங்கள். (சூட்டில் வளர்ந்த ஆண்கள் பல மலடாகிவிடும், நம்பாதீர்கள்.) பத்துப் பன்னிரண்டு நாளில் குஞ்சுகள் எல்லாம் பழையபடி குட்டைச் சிறகோடு வரும்.

இதே கேள்வியைத்தான் ஸ்டாலினின் சோவியத் நாடு மேடையில் வைத்துத் தீர்த்தது. ஊறவைத்த குளிர்காலக் கோதுமை விதைக்குக் குளிர் காட்டினால் வசந்தத்தில் விதைத்தாலும் கதிர் விடும், அது உண்மை. அந்தக் குணம் வாரிசுக்கும் போகும் என்றார் ஸ்டாலினின் ஆதரவு பெற்ற வேளாண் விஞ்ஞானி லைசென்கோ. போகாது, அடுத்த தலைமுறைக்கும் குளிர் காட்டியாக வேண்டும். அவரை எதிர்த்த மரபியலாளர், உலகமெல்லாம் சுற்றி விதை சேர்த்த வாவிலோவ் 1940 ஆகஸ்டில் கைதாகி, 1943 ஜனவரியில் சரடோவ் சிறையில் பட்டினியால் இறந்தார். 1948 ஆகஸ்டில் வேளாண் அகாதமிக் கூட்டத்தின் கடைசி நாள், தன் அறிக்கைக்குக் கட்சியின் மத்தியக் குழு ஒப்புதல் தந்துவிட்டதாக லைசென்கோ அறிவித்தார். அதன்பின் மரபியல் ஆய்வகங்கள் மூடப்பட்டன.

எனக்கு இதில் பிடித்த இடம் 1940-இல் இருக்கிறது. லைசென்கோ அணியின் எர்மோலாயெவா, 3:1 விகிதம் ஒரு செடியின் வாரிசுக் குடும்பத்துக்கு இன்னொன்றில் மாறுகிறது, ஆகவே மெண்டல் பொய் என்று எழுதினார். கணித மேதை கோல்மோகோரோவ் அதே எண்களை எடுத்து, மெண்டல் சரியென்றால் இவ்வளவு சிதறல் இருக்கத்தான் வேண்டும் என்று காட்டினார்.

100 ஈக்களில் 68:32 வந்தால், 75:25-இலிருந்து எவ்வளவு விலகியது என்று அளக்கும் கை-ஸ்கொயர் 2.61தான், தற்செயல் என்று ஏற்க வழக்கமாக வைக்கும் எல்லையான 3.84-ஐத் தாண்டவில்லை. அழிக்காமல் அப்படியே எழுதி, பக்கத்தில் இன்குபேட்டர் வெப்பநிலையையும் குறியுங்கள். ரெக்கார்டு நோட்டில் அச்சடித்தாற்போல் 75:25 இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.