நீர், நீ

கொழும்பு கொட்டாஞ்சேனையில் உள்ள எங்கள் சபையில், அறுவடை விழா ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த காய்கனிகளை ஏலத்தில் விடுவது வழக்கம். ஒரு சீப்பு வாழைப்பழம் சந்தை விலையைவிடப் பல மடங்குக்குப் போகும். பணம் சபைக்கே சேருவதால் அதில் நான் குறை காண்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அந்த ஏலத்தை ஒழுங்கு செய்தவர்களில் நானும் ஒருவன். செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் ஒருவர் வாசலில் நிற்பதைக் கண்டதும், "ஐயா, முன்னுக்கு வாங்கோ" என்று கதிரை எடுத்துப் போட்டேன். அவருக்குப் பின்னாலேயே, வீடுகளில் சமையல் வேலை செய்யும் ஒரு மூதாட்டி ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வந்தார். "அதை மேசையில வைச்சிட்டு அங்கால நில்லு" என்றேன். அவர் என் தாயைவிட மூத்தவர்.

பல மாதங்கள் கழித்து, ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் புதிய ஏற்பாட்டின் யாக்கோபு நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தை வாசிக்கும் முறை எனக்கு வந்தது. பொன்மோதிரம் அணிந்தவனும் கந்தை உடுத்த தரித்திரனும் ஒரே வேளையில் சபைக்குள் வருகிறார்கள். முன்னவனிடம் "நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்" என்றும், பின்னவனிடம் "நீ அங்கே நில்லு" என்றும் சொல்லப்படுகிறது. கிரேக்க மூலத்தில் இருவருக்கும் ஒரே முன்னிலைச் சொல்தான் உண்டு. அதை 'நீர்' என்றும் 'நீ' என்றும் பிரித்தது தமிழ் மொழிபெயர்ப்பு. அந்த மொழிபெயர்ப்பாளர்கள் மூலத்துக்குத் துரோகம் செய்ததாக நான் நினைக்கவில்லை. செல்வமும் சாதியும் நம் நாவில் எந்த இடத்தில் குடியிருக்கின்றன என்பதை அறிந்தவர்களாகவே அவர்கள் எனக்குத் தோன்றுகிறார்கள். 'நீர்' இன்றும் யாழ்ப்பாணத்தாரின் பேச்சில் புழங்குவதால், அந்த வசனம் எங்கள் காதில் பழைய நூலின் ஓசையாக ஒலிப்பதில்லை. அன்று என்னால் வாசிப்பைத் தொடர முடியவில்லை.

தாழ்மை என்ற சொல்லைப் பிரசங்க பீடத்திலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் நடைமுறையில் அதை நாம் பெரும்பாலும் இல்லாதவர்களிடமே எதிர்பார்க்கிறோம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்ட அந்தக் காலத்தில், உலருணவுப் பொதி வாங்க வரிசையில் நின்றவர்கள், கொடுப்பவரோடு சேர்ந்து படத்துக்கும் நிற்க வேண்டியிருந்தது. வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது என்று மலைப்பிரசங்கம் சொல்லியிருக்க, நாம் அதை முகநூலுக்கே அறிவித்தோம். அரிசியும் பருப்பும் தேவைப்பட்டவை என்பதில் ஐயமில்லை. அதற்கு விலையாக நாம் வாங்கியது அவர்களுடைய மானம்.

செல்வம் வைத்திருப்பதே பாவம் என்று சுவிசேஷங்கள் பொதுவிதியாகச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் விற்றுவிடும்படி ஒருவனிடம் சொன்ன இயேசு, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகச் சொன்ன சகேயுவின் வீட்டுக்கு அன்றே இரட்சிப்பு வந்தது என்றார். ஆனால் தன் வாசலில் கிடந்த ஏழை லாசருவைக் கண்டுகொள்ளாமல் வாழ்ந்த, லூக்கா 16இல் வரும் ஐசுவரியவானின் கதை என்னை விடுவதாயில்லை. நான்காம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் இந்த உவமையைப் பற்றித் தொடர்ந்து பிரசங்கித்த திருச்சபைத் தந்தை யோவான் கிறிசோஸ்தோம், பிறர் பொருளைப் பறிப்பது மட்டுமன்று, தன் பொருளைப் பகிராதிருப்பதும் களவே என்றார். எனக்கு அதைவிட வலிப்பது வேறொன்று. இயேசு சொன்ன உவமைகளில் பெயர் சூட்டப்பட்ட ஏழை லாசரு ஒருவன்தான். இரத்தாம்பரம் உடுத்தி நாள்தோறும் விருந்துண்ட செல்வனுக்கு அங்கே பெயர் இல்லை. எங்கள் ஆலயத்திலோ, மின்விசிறியிலும் வாங்கிலும் சுவரின் பளிங்குப் பலகையிலும் கொடையாளிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

அந்த மூதாட்டி இப்போது எங்கள் சபைக்கு வருவதில்லை. மட்டக்குளிப் பக்கம் குடிபோய்விட்டதாக யாரோ பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று புறப்பட்ட ஒரு மாலையில், அங்கே யாரென்று சொல்லி விசாரிப்பது என்று யோசித்தபோதுதான், இத்தனை ஆண்டுகளில் அவருடைய பெயரை நான் ஒருமுறையும் கேட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது.