காயிலேயே முளைவிடும் பருத்தி

பருத்திப் பஞ்சு என்பது விதையின் மேல் வளர்ந்த முடி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் எடப்பாடி, கொங்கணாபுரம் பக்கம் பருத்தி போடுகிற நாங்கள் பஞ்சைத் தனிச் சரக்காகவும் கொட்டையைத் தனிச் சரக்காகவும் பார்த்தே பழகிவிட்டோம். பஞ்சு நூல்மில்லுக்கு, கொட்டை மாட்டுக்கு, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு இழையும் விதைத்தோலில் இருக்கிற ஒரே ஒரு செல். பூ மலர்கிற அன்றைக்கே அந்தச் செல் தோலிலிருந்து மேலே எழ ஆரம்பிக்கிறது, அப்புறம் ஏறத்தாழ மூன்று வாரம் நீளமாகவே வளர்ந்துகொண்டு போகிறது, நீளம் முடிகிற சமயத்தில் உள்பக்கமாகச் செல்லுலோஸ் படிந்து சுவர் தடிக்கிறது, காய் வெடித்ததும் ஈரம் வற்றி இழை நாடா மாதிரி தட்டையாகி முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கு இருப்பதால்தான் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நூலாகின்றன.

ஆக, இழையின் தரம் பெரும்பாலும் விதை காய்க்குள் இருக்கிற அந்த 45, 50 நாளில் முடிவாகிவிடுகிறது. முதல் மூன்று வாரத்தில் தண்ணீர் பற்றாமல் போனால் இழை குட்டையாகும். அதற்குப் பிறகு இலை கொட்டினாலோ, ராத்திரிக் குளிர் அதிகமானாலோ, சுவர் தடிக்காமல் இழை சோகையாக நின்றுவிடும். பார்வைக்கு வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் மில்லில் ஓட்டும்போது சிறு சிறு முடிச்சாகத் திரளும், சாயமும் சரியாக ஏறாது. இதைப் பிடிக்கத்தான் மைக்ரோனேர் என்று ஓர் அளவு இருக்கிறது. குறிப்பிட்ட எடைப் பஞ்சை ஒரு குழலில் அடைத்துக் காற்றைச் செலுத்தி, காற்று எவ்வளவு தாராளமாகப் போகிறது என்று பார்ப்பார்கள். சாதாரண ரகங்களில் 3.5க்குக் கீழே போனால் முற்றாத இழையோ என்று சந்தேகம், 5க்கு மேலே போனால் முரட்டு இழை.

எங்கள் சேலம் மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. 1974இல் வெளிவந்த சுவின் ரகம், சுஜாதா என்ற ரகத்தையும் மேற்கிந்தியத் தீவுகளின் செயின்ட் வின்சென்ட் ரகத்தையும் இணைத்துக் கோயம்புத்தூரில் உருவாக்கியது, ஆத்தூர் வட்டாரத்தில் பயிரானது. இழை 38 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும், நூறாம் நம்பருக்கு மேலேயும் நூல் நூற்கலாம் (நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு). ஆனால் பயிரின் வயது அதிகம், சாறு உறிஞ்சும் பூச்சிகளைத் தாங்காது, அரவையில் பஞ்சும் குறைவாகவே விழும். அதனால்தான் அது நம் காடுகளில் பரவலாக நிலைக்கவில்லை. எனக்கு இன்னமும் அதில் வருத்தம் உண்டு.

சரி, முளைப்புக்கு வருகிறேன். ஆடிப் பட்டத்தில் விதைத்தது ஐப்பசி, கார்த்திகையில் வெடிக்கும், அதே சமயத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் இறங்கும். எங்கள் மாமா காட்டில் அப்படி ஓர் அடைமழைக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது, வெடித்த காய்களில் சுளை நனைந்து தொங்கிக் கிடந்தது, விரித்துப் பார்த்தால் உள்ளே கொட்டை வெள்ளையாக வேர் விட்டிருந்தது. "முதல் வெடிப்பை மழைக்கு முன்னாடியே எடுத்திருக்கலாமேங்க மாமா" என்றேன். "ஆளுக கெடைச்சாத்தானே கண்ணு, அத்தனை பேரும் ஒரே நாள்ள கூப்படறாங்க, யாருக்குன்னு போவாங்க" என்றார். அவர் சொன்னது நியாயம்தான், எங்கள் ஊரில் பருத்தி எடுப்புக்கு ஆள் கிடைப்பதுதான் இப்போது பெரிய பாடு.

விதை ஏன் செடியிலேயே முளைக்கிறது என்பதைவிட, மற்ற நாட்களில் ஏன் முளைக்காமல் இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். காய்க்குள் விதைக்கு ஈரம் இருக்கிறது, சூடு இருக்கிறது, சத்து இருக்கிறது. முளைக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அங்கேயே இருக்கிறது. அப்படியும் அடங்கிக் கிடக்கிறதென்றால் ஏதோ ஒன்று அதைத் தடுத்து வைத்திருக்க வேண்டும். அந்தத் தடைப்பொருளின் பெயர் அப்சிசிக் அமிலம். உலகத்தில் எல்லாச் செடிகளிலும் இருக்கிற இந்த ஹார்மோனைப் பருத்தியில் இருந்துதான் முதலில் தனியாகப் பிரித்தார்கள் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. கலிஃபோர்னியாவில் அடிகாட், ஒகுமா ஆகியோரின் குழு பருத்திப் பிஞ்சு ஏன் உதிர்கிறது என்று தேடிக்கொண்டிருந்தது. பிஞ்சுகளை மலை போலக் குவித்துச் சாறெடுத்துச் சுத்திகரித்து, கடைசியில் சில மில்லிகிராம் பொருளைப் பிரித்து 1963இல் அறிவித்தார்கள். அதே சமயத்தில் பிரிட்டனில் வேறொரு குழு மர மொட்டுகள் குளிர்காலத்தில் ஏன் உறங்குகின்றன என்று தேடி வேறொரு பொருளைக் கண்டுபிடித்தது. இரண்டும் ஒன்றேதான் என்று பிறகு தெரிந்தது. இன்றைய பெயர் 1967இல் வைத்தது.

உதிர்வுக்காகத் தேடிய பொருள் உறக்கத்தின் பொருளாகிப்போனது. பிஞ்சு உதிர்வில் எத்திலீன் என்ற இன்னொரு ஹார்மோனுக்குத்தான் நேரடிப் பங்கு அதிகம் என்று இப்போது சொல்கிறார்கள். ஆனால் விதை உறக்கத்தில் அப்சிசிக் அமிலத்தின் இடம் அசையாமல் நிற்கிறது. 1970 வாக்கில் அமெரிக்காவில் டூர் என்பவரின் ஆய்வகத்தில் முற்றாத பருத்திக் கருவைக் காயிலிருந்து பிரித்தெடுத்து வைத்துப் பார்த்தார்கள். தாயிடமிருந்து பிரித்ததும் அது அரைகுறை வயதிலேயே முளைக்கத் தொடங்கியது, அப்சிசிக் அமிலம் சேர்த்ததும் நின்றுவிட்டது. இன்னொரு பக்கம், விதையாகப் போகிற கருவுற்ற பருத்திச் சூல்களைக் குடுவையில் வளர்த்தவர்கள், ஆக்சின், ஜிப்ரெலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஹார்மோன்கள் இருந்தால் இழை நீள்கிறது, அப்சிசிக் அமிலம் சேர்த்தால் இழையும் அடங்குகிறது என்று பார்த்தார்கள். விதையை உறங்க வைக்கிற அதே கை இழையையும் பிடித்து நிறுத்துகிறது. பஞ்சு வேறு விதை வேறு என்று பார்க்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

காய் முற்ற முற்ற இந்த அமிலத்தின் அளவு இறங்கிவிடும். வெடித்த பிறகு விதையைக் காப்பது பெரும்பாலும் அதன் காய்ச்சல்தான், அதாவது ஈரமில்லாமல் இருப்பது. புதுக்கொட்டைக்கு மிச்சமிருக்கிற உறக்கம் ரகத்துக்கு ரகம் மாறும், அடைமழையில் நாள் கணக்கில் ஊறினால் அதுவும் கலைந்துவிடும். அப்போது கெடுவது கொட்டை மட்டுமில்லை. ஈரத்தில் பூஞ்சணம் ஏறி இழை சாம்பல் நிறமாகும், வலு குறையும், அரைக்கும்போது ஊறிய விதைத்தோல் நொறுங்கிப் பஞ்சோடு கலக்கும், கொட்டையில் ஆட்டுகிற எண்ணெயும் புளித்துப் போகும்.

ஏலக்களத்தில் இதற்கு ஒரே பெயர்தான், கொட்டு. காய்ப்புழுவைத் தாங்கும் பி.டி. ரகத்துக்கு ஒரு விலை, நீண்ட இழை தரும் டி.சி.எச். ரகத்துக்கு அதைவிட நல்ல விலை, கொட்டு என்று ஒதுக்கிவிட்டால் விலை பாதாளத்துக்குப் போய்விடும். வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, இழையை இழுத்துப் பார்த்து, முகர்ந்து, கண்ணால் விலை போடுகிறார். அனுபவமுள்ள கை நிறையக் கண்டுபிடிக்கும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முற்றாத இழையையும் முற்றிய இழையையும் விரலால் மட்டும் பிரிக்க முடியாது. மில்காரர் கருவியில் வைத்து நீளம், வலு, மைக்ரோனேர் எல்லாம் பார்த்துத்தான் வாங்குகிறார், விளைவித்தவருக்கு மட்டும் தன் பஞ்சின் அளவு தெரியாது. ஒவ்வொரு லாட்டுக்கும் அந்த அளவைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால், எந்த எடுப்பில் என்ன கெட்டது, அடுத்த வருடம் எந்த வாரத்தில் தண்ணீர் விடுவது என்று நாமே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். இது கேட்டுப் பெற வேண்டிய விஷயம், நான் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

நம் கையில் இருப்பதையும் சொல்கிறேன். மழை வரும் என்று தெரிந்தால் நன்றாக வெடித்ததை மட்டும் முதலில் எடுங்கள், அரை வெடிப்பைப் பிய்க்காதீர்கள், அது முற்றாத இழை. பனி காய்ந்த பிறகு எடுங்கள். நனைந்த சுளையையும் நல்ல சுளையையும் காட்டிலேயே தனித்தனி மடியில் பிரித்துவிடுங்கள், வீட்டில் போய்ப் பிரித்துக்கொள்ளலாம் என்று ஒரே சாக்கில் அமுக்கினால் நல்லதும் ஈரம் வாங்கிவிடும். எம்.சி.யு. 5 மாதிரி சொந்த விதை வைக்கக்கூடிய ரகம் போட்டிருப்பவர்கள் மழை படாத எடுப்பில் இருந்து மட்டும் விதைக்கு ஒதுக்குங்கள். அந்தக் காலத்தில் கொட்டையின் பிசிறு அடங்கச் சாணிப்பாலில் புரட்டி விதைத்தார்கள். இப்போது ஒரு கிலோ விதைக்கு 100 மில்லி கந்தக அமிலம் ஊற்றி இரண்டு மூன்று நிமிடம் கிளறிப் பிசிறை நீக்கி, உடனே பல தடவை தண்ணீரில் அலசி, மிதக்கிற சொத்தையை எறிந்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக் வாளியும் கையுறையும் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

இதோடு சேர்த்து இன்னொன்று, பருத்தியின் வேதியியலில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. காய்க்குள் தன் விதையை உறங்க வைக்கிற இதே செடி, வேரிலிருந்து இன்னொரு செடியின் விதையை எழுப்பிவிடுகிறது. சோளத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சிச் சோளக்காட்டைக் கெடுக்கிற சுடுமல்லி என்ற களையின் விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் உறங்கும், வேரிலிருந்து குறிப்பிட்ட ஒரு பொருள் கசிந்து வந்தால்தான் முளைக்கும். ஸ்ட்ரைகால் என்ற அந்தப் பொருளை 1966இல் முதலில் பிரித்ததும் பருத்தி வேர்க் கசிவில் இருந்துதான். ஆனால் சுடுமல்லியால் பருத்தி வேரில் ஒட்டிக்கொள்ள முடியாது, முளைத்த சில நாளில் பட்டினியில் செத்துவிடும். சுடுமல்லி ஏறிய சோளக்காடு வைத்திருப்பவர்கள் இடையில் பருத்தி போட்டுப் பாருங்கள், மண்ணில் கிடக்கிற விதை இருப்பு வருடத்துக்கு வருடம் குறையும்.

முளைவிட்ட கொட்டையை என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு: மாட்டுக்குப் போடாதீர்கள். நல்ல பருத்திக்கொட்டையில் இருக்கிற காசிபால் நஞ்சை மாட்டின் வயிறு ஓரளவு சமாளித்துவிடும். ஆனால் பூஞ்சணம் பிடித்த கொட்டையில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சு சேர்ந்திருந்தால் அதன் கூறு பாலிலும் வந்துவிடும், அந்தப் பாலைக் குடிப்பது நம் வீட்டுப் பிள்ளைகள். குப்பைக்குழியில் சாணத்தோடு போட்டு மூடிவிடுங்கள்.