கையெழுத்துக்கும் நீதிபதிக்கும் நடுவே

இனிமேல் குற்றம் செய்யக்கூடும் என்ற அச்சத்தில் ஒருவரை விசாரணையில்லாமல் அடைத்து வைப்பது தடுப்புக் காவல். அந்த வழக்கில் வக்கீல் மேசைக்கு முதலில் வந்து சேர்வது ஒரு கட்டுக் காகிதம். உயர் நீதிமன்ற வட்டாரத்தில் அதற்கு 'புக்லெட்' என்று பெயர். நூறு பக்கமும் இருக்கும், ஐந்நூறும் இருக்கும். முதல் சில பக்கங்களில் கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கையெழுத்திட்ட உத்தரவும் அதற்கான காரணங்களும் இருக்கும். பின்னால் எஃப்.ஐ.ஆர்., சாட்சி வாக்குமூலங்கள், ரிமாண்ட் உத்தரவு, ஜாமீன் மனு நகல், இன்ஸ்பெக்டரின் அபிடவிட். உள்ளே இருப்பவரின் மனைவியோ தாயோ அதைப் பையில் போட்டு எடுத்து வருவார். உள்ளே இருப்பவர் என்ன செய்தார், செய்யவில்லை என்பதை அந்தக் கட்டில் தேடிப் பயனில்லை. முதலில் பார்ப்பது தேதிகளை. கைதான நாள், உத்தரவு போட்ட நாள், புக்லெட் கைக்கு வந்த நாள், அரசு ஒப்புதல் தந்த நாள். அடுத்து, அவருக்குத் தெரிந்த மொழி எது, காகிதம் எந்த மொழியில் இருக்கிறது என்பது.

நாடுகளுக்கு இடையே தனிமனிதச் சுதந்திரத்தை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் அரசியலமைப்பின் அழகான வரிகளையே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். இந்தத் தொழிலில் பழகியவர்களுக்கு அந்த வரிகள் போதாது. ஆளைப் பிடித்து வைக்கக் கையெழுத்துப் போடுகிறவர் யார்? அந்தக் கையெழுத்தை அவருக்குக் கீழ்ப்படியாத இன்னொருவர் எத்தனை நாளில் பார்க்கிறார்? பார்க்கும்போது பக்கத்தில் வக்கீல் நிற்கலாமா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் அந்த நாட்டைப் பற்றி முக்கால்வாசி தெரிந்துவிடும்.

இந்தியாவில் கொலை வழக்கில் கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு அப்படித்தான் தொடங்குகிறது. அதே பிரிவின் மூன்றாவது உட்பிரிவு, தடுப்புக் காவலில் வைக்கப்படுபவருக்கு இந்த இரண்டும் கிடையாது என்கிறது. அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்குள்ளேயே, விசாரணையில்லாமல் அடைத்து வைக்கும் அதிகாரத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அமைதிக் காலத்துக்கும் இது பொருந்தும். இதை முதலில் உச்ச நீதிமன்றத்தில் சோதித்துப் பார்த்த வழக்கு சென்னை மாகாணத்திலிருந்து போனது. 1950இல் ஏ.கே.கோபாலன் தொடுத்த அந்த வழக்கில் தடுப்புக் காவல் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பானது. ஒரே ஒரு பிரிவு மட்டும் விழுந்தது. காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்தில்கூட வெளியே சொல்லக் கூடாது என்றிருந்த 14ஆவது பிரிவு அது. காரணம் எழுத்தில் வந்தாக வேண்டும், அதை நீதிபதி பார்த்தாக வேண்டும் என்ற அந்தச் சின்ன வெற்றியின்மேல்தான் இன்றைக்கு அடைபட்டவரை விடுவிக்கக் கேட்டு நீதிமன்றத்தில் போடும், எச்.சி.பி. எனப்படும் ஆட்கொணர்வு மனு வேலை முழுவதும் நிற்கிறது.

தமிழ்நாட்டில் இந்த வேலை நடப்பது பெரும்பாலும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டத்தில், மக்கள் 'குண்டாஸ்' என்று சொல்லும் சட்டத்தில். கள்ளச்சாராயம், போதைப்பொருள், வனக்குற்றம், ரவுடித்தனம், பாலியல் தொழில், குடிசைப்பகுதி ஆக்கிரமிப்பு என்று தொடங்கிய பட்டியலில் பிறகு திருட்டு வீடியோ, மணல், இணையக் குற்றம், பாலியல் குற்றம் எல்லாம் சேர்ந்தன. நடைமுறை நாள் கணக்கில் ஓடுகிறது. உத்தரவு போட்டுப் பிடித்ததிலிருந்து 5 நாளுக்குள் காரணங்களைக் கையில் தர வேண்டும். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தராவிட்டால் உத்தரவு தானாகவே காலாவதியாகும். 3 வாரத்துக்குள் கோப்பு, காவலுக்குக் காரணம் போதுமா என்று பார்க்கும் குழுவான அறிவுரைக் கழகத்துக்குப் போக வேண்டும். காவல் தொடங்கிய 7 வாரத்துக்குள் கழகம் அறிக்கை தர வேண்டும். போதுமான காரணம் உண்டு என்று கழகம் சொன்னால் அரசு 12 மாதம்வரை உறுதி செய்யலாம். ஆக, நிர்வாகத்துக்கு வெளியே உள்ள ஒருவர் இந்த உத்தரவின் பேரில் முதன்முதலாக அந்த ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு 49 நாள்வரை ஆகலாம். பார்க்கும் அன்றும் வக்கீல் உள்ளே வர முடியாது. வக்கீல் அல்லாத நண்பர் ஒருவர் துணை நிற்கலாம் என்றும், அரசுத் தரப்பு வக்கீலை அழைத்துவந்தால் இவருக்கும் அனுமதி உண்டு என்றும் 1981 டிசம்பரில் ஏ.கே.ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த நண்பர் விஷயம் பல குடும்பங்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. கணக்கு வழக்கு பார்க்கத் தெரிந்த உறவினர் ஒருவரை முதல் நாளே இதற்குத் தயார் செய்துவிடுவது நல்லது.

குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு, நேராக எச்.சி.பி. போட்டுவிட்டு, உத்தரவைத் திரும்பப் பெறக் கேட்கும் முறையீட்டு மனுவை அரசுக்கு அனுப்பாமல் விட்டுவிடுவது. அந்த மனு ஏற்கப்படுவது அபூர்வம் என்பதால் வீண் வேலை என்று நினைக்கிறார்கள். ஆனால் வழக்கு ஜெயிப்பது பல நேரம் அந்த மனு போன பாதையில்தான். உள்துறை, மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைச் செயலாளருக்கு ஒன்று, உத்தரவு போட்ட அதிகாரிக்கு ஒன்று, அறிவுரைக் கழகத்துக்கு ஒன்று. போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் விரைவுத் தபாலிலும் போக வேண்டும், சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவும் போக வேண்டும். வழக்கு விசாரணைக்கு வரும் நாளில் அரசுத் தரப்பு ஒரு பக்கத் தாளை நீட்டும். 'புரொஃபார்மா' என்பார்கள். மனு 3ஆம் தேதி செவ்வாய் வந்தது, 4ஆம் தேதி உத்தரவு போட்ட அதிகாரியிடம் குறிப்பு கேட்டோம், 16ஆம் தேதி திங்கள் குறிப்பு வந்தது, 17ஆம் தேதி துணைச் செயலர் பார்த்தார், 20ஆம் தேதி அமைச்சர் பார்த்தார் என்று வரிசையாக இருக்கும். வக்கீலின் பேனா 4க்கும் 16க்கும் நடுவில் நிற்கும். 12 நாள் இடைவெளி, அதில் சனி ஞாயிறு 4 நாள், மீதி 8 நாளுக்கு விளக்கம் எங்கே? மனுவைத் தாமதமில்லாமல் பார்த்தாக வேண்டும் என்பதால், விளக்கம் இல்லையென்றால் காவல் உத்தரவு ரத்தாகும். ராஜம்மாள் வழக்கில் அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்தார் என்று காரணம் சொன்னார்கள். உள்ளே ஓர் ஆள் அடைந்து கிடக்கும்போது சுற்றுப்பயணம் ஒரு விளக்கமாகாது என்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த வழக்கில் தாமதம் சில நாட்கள்தான்.

அடுத்து மொழி. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு, உத்தரவில் குறிப்பிட்ட ஆவணத்தை ஆங்கிலத்திலேயே கொடுத்தால் கொடுத்ததாகக் கணக்கில்லை. பவனம்மாள் வழக்கு 1999இல் இதைத் தமிழ்நாட்டுக்குத் தெளிவாகச் சொன்னது. மங்கலான ஜெராக்ஸ் பக்கத்தையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். படிக்க முடியாத காகிதத்துக்கு யாரும் பதில் எழுத முடியாது. ஆகவே புக்லெட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஆங்கிலப் பக்கத்துக்கு எதிரே தமிழாக்கம் இருக்கிறதா, தமிழாக்கத்தில் தேதி மாறியிருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். ஜாமீன் உத்தரவுகளின் தமிழாக்கத்தில்தான் அதிகம் சறுக்கும்.

மூன்றாவது ஜாமீன் கதை. ஆள் ஏற்கெனவே சிறையில் இருக்கிறார். அப்புறம் எதற்குத் தடுப்புக் காவல்? 'ஜாமீனில் வந்துவிடுவார்' என்று அதிகாரி எழுத வேண்டும். வெறுமனே எழுதினால் போதாது, ஆதாரம் வேண்டும். ஜாமீன் மனுவே நிலுவையில் இல்லாதபோது வெளியே வருவார் என்று எப்படி முடிவுக்கு வந்தீர்கள் என்று 2011இல் ரேகா வழக்கில் கேட்டது உச்ச நீதிமன்றம். அதிலிருந்து 'இதே போன்ற வழக்கில் இன்னாருக்கு ஜாமீன் கிடைத்தது' என்று ஒரு பழைய உத்தரவைச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. அந்தப் பழைய வழக்கின் பிரிவுகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால், இவர்மேல் கொலை முயற்சி, அங்கே வெறும் அடிதடி என்றிருக்கும். அந்த இடத்தில் உத்தரவு உடையும்.

இப்படி ஜெயிப்பதில் ஒரு வலி உண்டு. அந்த ஆளை அடைத்தது சரியா, தவறா என்ற கேள்விக்கு இந்த வெற்றிகளில் பதில் இல்லை. அதிகாரியின் மனத்திருப்தியை நீதிமன்றம் தன் திருப்தியால் மாற்றி எழுதாது என்பது விதி. ஆகவே பொய் வழக்கில் சிக்கியவரும் நிஜமாகவே ஊரை நடுங்க வைத்தவரும் ஒரே எட்டு நாள் தாமதத்தில் வெளியே வருகிறார்கள். அதுவும் உத்தரவு போட்டுப் பல மாதம் கழித்து. அந்த மாதங்களுக்குக் கணக்கு கேட்க வழக்கமான வழி எதுவும் இல்லை. தினக்கூலியில் ஓடும் வீட்டில் அந்த மாதங்கள் பள்ளிக் கட்டணமாகவும் அடகுச் சீட்டாகவும் நிற்கின்றன.

போலீஸ் தரப்பு சொல்வதையும் தள்ளிவிட முடியாது. சாட்சியின் வீட்டு வாசலில் போய் நிற்கும் ஆள், ஜாமீனில் வந்த மறுநாளே கடைக்காரரிடம் மாமூல் கேட்கும் ஆள் நிஜமாகவே இருக்கிறார்கள். சாட்சி பிறழ்ந்த வழக்கு விடுதலையில் முடிகிறது. அந்தக் கடைக்காரருக்கும் சுதந்திரம் உண்டு. ஆனால் அவரைக் காக்க வேண்டியது சீக்கிரம் நடக்கும் விசாரணையும் சாட்சிப் பாதுகாப்பும். அவை நடக்காத இடத்தைத் தடுப்புக் காவல் நிரப்புகிறது. அண்டை வீட்டுச் சண்டைகூட 'பொது ஒழுங்கு' ஆகிவிடுகிறது. ராம் மனோகர் லோகியா வழக்கில் நீதிபதி ஹிதாயதுல்லா மூன்று வட்டங்களைச் சொன்னார். பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, அதற்கும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. தெருவில் இருவர் அடித்துக்கொண்டால் அது வெளி வட்டத்தோடு நிற்கும். புக்லெட்டில் 'பொதுமக்கள் சிதறி ஓடினர், கடைகளை அடைத்தனர்' என்ற வாசகம் வழக்குக்கு வழக்கு அச்சு மாறாமல் வருவது உள் வட்டத்துக்குள் நுழைவதற்காகத்தான்.

இந்த அதிகாரத்தை நமக்குக் கற்றுக்கொடுத்த பிரிட்டன் தன் வீட்டில் என்ன செய்கிறது? பயங்கரவாதம் அல்லாத குற்றத்தில் குற்றம் சாட்டாமல் 24 மணி நேரம் வைத்திருக்கலாம், பெரிய குற்றமானால் உயரதிகாரி 36வரை நீட்டலாம், அதற்குமேல் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும், மொத்தம் 96 மணி நேரம்தான். பயங்கரவாத வழக்கில் 14 நாள். 2005இல் லண்டன் குண்டுவெடிப்புக்குப் பிறகு பிளேர் அரசு 90 நாள் கேட்டது. மக்கள் சபை மறுத்து 28 நாள் கொடுத்தது. 2011இல் அது மறுபடி 14க்கு இறங்கியது. நாட்டையே உலுக்கிய சம்பவத்துக்குப் பிறகும் அங்கே சண்டை நடந்தது நாட்களின் எண்ணிக்கைமேல். அதற்கு முன்பு, வெளிநாட்டவரை மட்டும் காலவரையின்றி அடைக்கலாம் என்ற சட்டத்தை 2004 டிசம்பரில் பெல்மார்ஷ் வழக்கில் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் மனித உரிமைக்கு முரண் என்றார்கள். அமெரிக்காவில் ஆபத்தானவர் என்று சொல்லி விசாரணைக்கு முன்பே ஜாமீன் இல்லாமல் வைக்க 1984 முதல் சட்டம் உண்டு, 1987இல் சலெர்னோ வழக்கில் அது செல்லும் என்றும் ஆனது. ஆனால் அங்கே அதை முடிவு செய்வது நீதிபதி. பக்கத்தில் வக்கீல் உண்டு, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம், அரசு தெளிவான ஆதாரம் காட்ட வேண்டும். குண்டாஸ் உத்தரவில் சொல்லப்படும் அதே அச்சம்தான், கையெழுத்துப் போடும் கை வேறு.

சிங்கப்பூர் எதிர்ப்பக்கம் போனது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2 ஆண்டு வைக்கலாம், முடிந்ததும் மறுபடி 2 ஆண்டு, உச்ச வரம்பு இல்லை. 1966இல் பிடிபட்ட எதிர்க்கட்சி அரசியல்வாதி சியா தை போ 1989வரை சிறையில் இருந்தார், கட்டுப்பாடுகள் முழுதாக நீங்கியது 1998இல். 1988இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம், காரணங்களை நீதிமன்றம் சோதிக்கலாம் என்று துணிந்து தீர்ப்பளித்தது. அடுத்த ஜனவரியிலேயே அரசியலமைப்பைத் திருத்தி அந்தக் கதவை மூடினார்கள். நடைமுறை பின்பற்றப்பட்டதா என்று மட்டும் பார்க்கலாம். சிங்கப்பூர் தெருக்களின் பாதுகாப்பை மெச்சும் நம் ஊர்க்காரர்களுக்கு, மெச்சுவதோடு சேர்த்து இந்த 23 ஆண்டுகளையும் எடைபோடத் தெரிய வேண்டும்.

இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் மூன்று ஆண்டுக்கான தற்காலிகச் சட்டமாக வந்து 1982இல் நிரந்தரமானது. அமைச்சர் கையெழுத்தில் மும்மூன்று மாதமாக 18 மாதம்வரை வைக்கலாம் என்றிருந்தது 2022இல்தான் 12 மாதமானது. அதைவிடக் கொடியது 16ஆவது பிரிவு. உதவி எஸ்.பி. பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லும், அது மிரட்டி வாங்கியது என்று நிரூபிக்கும் சுமை கைதியின் தலையில். தமிழ் மட்டும் பேசிய சிங்கராசா என்ற கைதியின் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. அதை வைத்தே தண்டனை கிடைத்தது. நியாயமான விசாரணை மறுக்கப்பட்டது என்று 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. 2006இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த முடிவு இலங்கையைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டது. பவனம்மாள் வழக்கில் ஒரு தமிழாக்கம் இல்லாதது காவலையே உடைத்தது. கடலுக்கு அந்தப் பக்கம் படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலம் ஆளைப் பல்லாண்டு உள்ளே வைத்தது.

நம் பக்கத்திலும் நெருக்கடி நிலைக் காலத்தில் ஆட்கொணர்வு மனுவே கிடையாது என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். எச்.ஆர்.கன்னா ஒருவர் மறுத்தார். அந்தத் தீர்ப்பு 2017இல் அதிகாரபூர்வமாகத் தூக்கி எறியப்பட்டது. அந்தக் காலத்தின் காயத்தோடு நாடாளுமன்றம் 1978இல் 44ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. அதன் 3ஆவது பிரிவு அறிவுரைக் கழகம் இல்லாமல் வைக்கக்கூடிய காலத்தை 3 மாதத்திலிருந்து 2 மாதமாகக் குறைக்கிறது. கழகத் தலைவராகப் பணியில் இருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதியே இருக்க வேண்டும், அதைத் தலைமை நீதிபதி பரிந்துரைக்க வேண்டும் என்கிறது. குடியரசுத் தலைவர் ஒப்புதலும் தந்தாகிவிட்டது. நடைமுறைக்கு வர மத்திய அரசு ஒரு தேதியைக் குறித்து அறிவிக்கை வெளியிட வேண்டும். அந்தத் தேதியை எந்த அரசும் இன்றுவரை குறிக்கவில்லை.