சீயோன் மேல்வீடு: காலை ஒன்பது மணிக்கு ஏறவேண்டிய படிகள்

எருசலேம் போகும் தமிழ்க் குழுக்களின் பயணத் திட்டத்தில் ‘மேல்வீட்டறை’ என்று ஒரு வரி இருக்கும். அதே காலையில் பேதுரு மறுதலித்த இடத்தின் ஆலயம், மரியாள் துயில்கொண்ட ஆலயம், தாவீதின் கல்லறை என்று மூன்று இடங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பெரும்பாலும் இருபது நிமிடம்தான் கிடைக்கிறது. ஏறி, ஒரு பாட்டுப் பாடி, குரூப் போட்டோ எடுத்து இறங்கிவிடுகிறார்கள். இறங்கும்போது பலர் முகத்தில் “இவ்வளவுதானா?” என்ற கேள்வி இருக்கும்.

அதில் நியாயம் உண்டு. பெத்லகேமில் குனிந்து தொட வெள்ளி நட்சத்திரம் இருக்கிறது. கல்லறை ஆலயத்தில் முத்தமிடக் கல் இருக்கிறது. இயேசு சீஷர்களோடு கடைசி இராவுணவு உண்டதாகவும், பெந்தெகொஸ்தே நாளில் அவர்கள்மேல் பரிசுத்த ஆவியானவர் இறங்கியதாகவும் நினைவுகூரப்படும் இந்த அறையில் பலிபீடம் இல்லை, சிலுவை இல்லை, மெழுகுவர்த்தி ஏற்ற ஒரு தட்டுகூட இல்லை. ஆகவே கண்ணுக்கு வேலை குறைவு, காதுக்கு அதிகம். இங்கே என்ன வாசிக்கப் போகிறோம் என்பதை முந்தின இரவே முடிவு செய்துவிட்டு ஏறுவதுதான் சரி.

சீயோன் வாசலிலிருந்து இரண்டு மூன்று நிமிட நடைதான். 1540இல் கட்டிய அந்த வாசலின் கல்லெல்லாம் 1948 போரின் குண்டுத் துளைகள். வாசலைத் தாண்டினால் மதிலுக்கு வெளியே வந்துவிடுகிறோம். இன்று சீயோன் மலை என்று அழைக்கப்படும் மேடு பழைய நகர மதிலுக்குத் தெற்கே, வெளியில்தான் இருக்கிறது. அங்கே குழப்புவது ஒன்று உண்டு: ஒரே கட்டடத்தில் கீழ்த்தளம் தாவீதின் கல்லறை, மேல்தளம் மேல்வீடு. வழிகள் வேறு. கூட்டத்தைப் பார்த்துப் பின்னாலேயே போனால் கல்லறைக்குள் நுழைந்துவிடுவோம். அது யூதர்கள் ஜெபிக்கும் இடம். ஆண்கள் தலையை மூட வேண்டும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி, ஓய்வுநாளில் போட்டோ எடுக்கக் கூடாது. மேல்வீட்டுக்கு அந்தக் கெடுபிடி இல்லை. நுழைவுக் கட்டணமும் இல்லை. தோளும் முழங்காலும் மூடிய உடை இருந்தால் இரண்டு இடத்துக்கும் சரியாக இருக்கும். கால் பட்டுப் பட்டு வழவழப்பான கல்தரை என்பதால் தோல் அடி வைத்த செருப்பு வேண்டாம்.

கூடம் ஏறக்குறைய 15 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கூர்வளைவுக் கூரையைத் தாங்கும் தூண்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. பல காலத்துக் கைகள் பட்ட கட்டடம் என்பதற்கு அதுவே சாட்சி. தென்மேற்கு மூலையில் கீழே இறங்கும் படிக்கட்டின் மேல் சிறு குவிமாடம் ஒன்று நிற்கிறது. அதைத் தாங்கும் தூணின் தலைப்பகுதியை அண்ணாந்து பாருங்கள்: கூழைக்கடாப் பறவையும் அதன் நெஞ்சைக் கொத்தும் குஞ்சுகளும். தாய்ப்பறவை தன் இரத்தத்தையே குஞ்சுகளுக்கு ஊட்டும் என்று நடுக்கால ஐரோப்பா நம்பியது. கிறிஸ்துவின் பலிக்கு அது அடையாளம். தெற்குச் சுவரில் மெக்காவின் திசை காட்டும் தொழுகை மாடம். சாளரக் கண்ணாடியில் அரபு எழுத்து.

இந்தக் கிறிஸ்தவ, இஸ்லாமிய அடையாளங்கள் ஒரே அறையில் எப்படி வந்தன? இப்போதுள்ள கூடம் சிலுவைப்போர்க் காலமோ அதற்குச் சற்றுப் பின்னரோ எழுந்தது. 14ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நேப்பிள்ஸ் அரசர் ராபர்ட்டின் உதவியால் பிரான்சிஸ்கன் துறவிகள் கைக்கு வந்தது. 1524இல் ஓட்டோமான் சுல்தான் சுலைமான் காலத்தில் மசூதியானது. அந்த நூற்றாண்டின் நடுவுக்குள் துறவிகள் முழுவதும் வெளியேற்றப்பட்டார்கள். 1948க்குப் பிறகு இஸ்ரேல் அரசின் பொறுப்பு. மூன்று மதத்தாருக்கும் உரிமைப் பேச்சு இருப்பதால் இங்கே வழக்கமான திருப்பலியோ திருவிருந்தோ கிடையாது. போப் இரண்டாம் ஜான் பால் 2000 மார்ச் 23 அன்றும், போப் பிரான்சிஸ் 2014 மே 26 அன்றும் திருப்பலி நிறைவேற்றியது விதிவிலக்கு. பிரான்சிஸ்கன் துறவிகளே பெரிய வியாழனும் பெந்தெகொஸ்தேயும் வந்து ஜெபித்துவிட்டுத்தான் போகிறார்கள். அப்பமும் ரசமும் பையில் வைத்துக்கொண்டு ஏறும் குழுக்கள் ஏமாந்து திரும்புகின்றன. திருப்பலி வேண்டுமானால் பக்கத்திலேயே பிரான்சிஸ்கன் மடத்தின் சிற்றாலயம் இருக்கிறது; ஏஜென்சி மூலம் முன்பதிவு செய்துகொள்ள வேண்டும்.

நிஜமாகவே இதுதான் அந்த அறையா? இல்லை, கட்டடம் அவ்வளவு பழையதல்ல. நினைவு மட்டும் பழையது. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் எருசலேம் வந்த எகேரியா என்ற பெண் யாத்ரீகர், பெந்தெகொஸ்தே நாளில் மக்கள் என்ன செய்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். விடியற்காலையில் கல்லறை ஆலயத்தில் வழிபாடு. அங்கிருந்து மூன்றாம் மணி நேரத்துக்குச் சரியாகச் சீயோன் ஆலயம். அங்கே அப்போஸ்தலர் நடபடிகளின் அந்தப் பகுதி வாசிப்பு. வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு. மதியத்துக்கு மேல் ஒலிவ மலை. இருட்டியபின் மெழுகுவர்த்திகளோடு நகருக்குத் திரும்பி, நள்ளிரவையொட்டி மறுபடியும் சீயோன். இதைவிட நல்ல பயணத் திட்டத்தை எந்த ஏஜென்சியும் இன்னும் போட்டுத் தரவில்லை. ஆர்மீனியர் பகுதியிலுள்ள சிரியன் ஆர்த்தடாக்ஸ் மாற்கு மடமும் மேல்வீடு தங்களிடம்தான் என்கிறது. 1940இல் கிடைத்த ஒரு சிரியாக் கல்வெட்டைக் காட்டுகிறார்கள். நேரமிருந்தால் அதையும் பார்க்கலாம், சண்டைக்குப் போக வேண்டாம்.

மூன்றாம் மணி என்பது நம் கணக்கில் காலை ஒன்பது. “பொழுது விடிந்து மூன்றாம்மணி வேளையாயிருக்கிறதே” என்று பேதுரு சொல்வது, சீஷர்கள் குடித்திருக்கிறார்கள் என்ற கேலிக்குப் பதிலாக. அந்த நேரத்துக்கே போய்ச் சேருங்கள். பத்து மணிக்குமேல் மூன்று பஸ் கூட்டம் ஒன்றாக ஏறிவிடும். நாற்பது பேர் வீதம் மூன்று பஸ் என்றால் நூற்றிருபது பேர். நடபடிகள் முதல் அதிகாரம் சொல்லும் சீஷர்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய நூற்றிருபதுதான். இந்த அளவுள்ள கூடத்தில் நூற்றிருபது பேர் உட்கார்ந்தால் எவ்வளவு நெருக்கம் என்பது அப்போது உடம்புக்கே தெரியும். ஒரு பக்கம் கொரிய மொழியில் பாட்டு, இன்னொரு பக்கம் போர்த்துகீசியத்தில் ஜெபம், நடுவில் நம் ஆட்கள். “ஒன்றும் கேட்கவில்லை” என்று எரிச்சல்படுவது இயல்பு. ஆனால் அன்று தத்தம் மொழியில் கேட்டவர்களை, பார்த்தர், மேதர், கிரேத்தர், அரபியர் என்று நீட்டிச் சொல்லும் அந்தப் பட்டியலை வாசிக்க இதைவிடப் பொருத்தமான இரைச்சல் வேறெங்கும் வாய்க்காது.

நடபடிகள் 1:12 முதல் 2:42 வரை நிறுத்தி வாசித்தால் பத்து நிமிடம். மைக் வேண்டாம், கூரை எதிரொலித்து வார்த்தையைக் குழப்பிவிடும். குழுவை வட்டமாக நெருக்கி நிறுத்தி, தாழ்ந்த குரலில் ஒருவர் வாசித்தால் போதும். முதல் அதிகாரத்தை விட்டுவிட்டு நேரே இரண்டாம் அதிகாரத்துக்குத் தாவுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. ஆண்டவர் பரமேறிய நாளுக்கும் பெந்தெகொஸ்தேக்கும் இடையில் ஒன்பது முழு நாட்கள், ஒருமனப்பட்டு ஜெபித்ததையும் யூதாசுக்குப் பதிலாக மத்தியாவைத் தெரிந்துகொண்டதையும் தவிர வேறு பெரிய நிகழ்ச்சி இல்லாமல் ஓடியிருக்கின்றன. வேளாங்கண்ணியில் கொடியேறியதும் நாம் சொல்லும் நவநாளுக்கும், பெந்தெகொஸ்தே சபைகளின் காத்திருப்பு ஜெபத்துக்கும் முன்மாதிரி இந்த ஒன்பது நாட்கள்தான். முன்னதைக் கத்தோலிக்கரும் பின்னதைப் பெந்தெகொஸ்தேக்காரரும் ஒருவரையொருவர் முறைத்தபடி செய்கிறார்கள், அவ்வளவே.

வாசிக்கும்போது மூன்று சொற்களில் நிற்க வேண்டும். ஒன்று, ‘போல’. பலத்த காற்று அடிக்கிற முழக்கம்போல, அக்கினிமயமான நாவுகள்போல. காற்று அடித்ததாகவோ நெருப்புப் பிடித்ததாகவோ வசனம் சொல்லவில்லை. அடுத்தது, ‘உட்கார்ந்திருந்த’. அவர்கள் துள்ளிக்கொண்டோ முழங்காலிலோ இல்லை, உட்கார்ந்திருந்தார்கள். கூடத்தில் நாற்காலி கிடையாது. முடிந்தவர்கள் தரையில் உட்கார்ந்து கேட்கலாம். மூன்றாவது, ‘ஒவ்வொருவர்மேலும்’. நாவுகள் பேதுருவின் தலைமேல் மட்டும் வந்து நிற்கவில்லை. அப்போஸ்தலர், இயேசுவின் தாய் மரியாள், பெயர் சொல்லப்படாத பெண்கள், எல்லார்மேலும். ஆவியின் வரம் ஊழியக்காரருக்கு மட்டும் என்று நினைக்கும் சபைகளில் இந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் அச்சிடலாம்.

‘ஆவி’ என்ற நம் சொல்லும் இங்கே யோசிக்கத் தக்கது. இட்லிப் பானையிலிருந்து எழுவதும் ஆவி, உயிர் போனால் ‘ஆவி பிரிந்தது’, இருட்டில் பயமுறுத்துவதும் ஆவி. எபிரெயத்தின் ‘ரூவாஹ்’, கிரேக்கத்தின் ‘நியூமா’ இரண்டும் காற்று, மூச்சு, ஆவி மூன்றையும் குறிப்பவை. ஆகவே மூச்சும் உயிருமான நம் சொல் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் ‘அது’ என்று பேசிவிடும் ஆபத்து உண்டு. அதனால்தான் நம் சபைகளில் ‘பரிசுத்த ஆவியானவர்’, ‘தூய ஆவியார்’ என்று உயர்திணையாக்கிச் சொல்கிறார்கள். யோவான் 14:26 அவரைத் தேற்றரவாளன் என்கிறது, புதிய மொழிபெயர்ப்பில் துணையாளர். போதிப்பதும் இயேசு சொன்னவற்றை நினைப்பூட்டுவதும் அவர் வேலை. நம்மால் வேண்டிக்கொள்ள முடியாதபோது பெருமூச்சோடு நமக்காக வேண்டுகிறவர் என்கிறது ரோமர் 8:26. உணர்ச்சிப் பெருக்கைவிட ஆசிரியரின் வேலைக்கும் வக்கீலின் வேலைக்கும் நெருக்கமானவை இவை. அறைக்குள் நின்றதும் உடம்பு சிலிர்க்க வேண்டும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள், சிலிர்க்காவிட்டால் தங்களிடம் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். தெரியாத மொழியில் பேசும் அந்நியபாஷையே அபிஷேகத்தின் முதல் அடையாளம் என்று பல பெந்தெகொஸ்தே சபைகளும், கிறிஸ்மா எண்ணெய் பூசும் உறுதிபூசுதலில் ஆவியின் கொடை நிறைவாகிறது என்று கத்தோலிக்கரும் போதிக்கிறார்கள். ஒரே பஸ்ஸில் இரு தரப்பும் இருந்தால், அறைக்குள் போகுமுன் தலைவர் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. கலாத்தியர் 5:22, 23 சொல்லும் ஒன்பது குணங்களைப் பற்றி இரு தரப்புக்கும் தகராறு இல்லை. அதில் நீடிய பொறுமை அந்தப் படிக்கட்டுக் கூட்டத்திலேயே தேவைப்படும்.

நடபடிகள் 2:29க்கு வரும்போது குரல் தானாகத் தாழும். தாவீது அடக்கம்பண்ணப்பட்டான், “அவனுடைய கல்லறை இந்நாள்வரைக்கும் நம்மிடத்திலிருக்கிறது” என்கிறார் பேதுரு. காலுக்குக் கீழே ஒரு தளத்தில் வெல்வெட் போர்த்திய தாவீதின் நினைவுக் கல்லறை. வசனம் கட்டடமாக நிற்பதுபோல் தோன்றும். உண்மையில் தாவீது அடக்கமான ‘தாவீதின் நகரம்’ கிழக்கே தாழ்ந்த முகட்டில் இருந்தது என்பதே ஆய்வாளர் முடிவு. இங்குள்ளது பிற்காலப் பாரம்பரியம். யூதரின் வாரங்களின் பண்டிகையான ஷாவுஓத்தில் தாவீது இறந்தார் என்று ஒரு மரபு உண்டு. அந்த நாளில் கீழ்த்தளத்தில் கூட்டம் நெரியும்; பெந்தெகொஸ்தே ஞாயிறும் அதையொட்டியே வரும் வருடங்களில் இன்னும் அதிகமான நேரம் ஒதுக்குங்கள்.

வாசிப்பு முடிந்ததும் பஸ்ஸைத் தேடாமல் நடக்க வேண்டும். இரண்டாம் அதிகாரம் அறையில் தொடங்கினாலும் அறையில் முடியவில்லை. அன்று ஞானஸ்நானம் பெற்றவர்கள் மூவாயிரம்பேர், அவ்வளவு பேருக்கு எந்த மேல்வீடும் போதாது. மதிலையொட்டிப் பத்து நிமிடம் கீழே நடந்தால் நெகேமியா சொல்லும் குப்பைமேட்டு வாசலின் பெயரை இன்றும் தாங்கும் வாசல். அதற்குள் தொல்லியல் பூங்காவில் பழைய யூத தேவாலயத்தின் தெற்குப் படிக்கட்டு. அகலப் படியும் குறுகிய படியும் மாறி மாறி வரும், ஓடி ஏற முடியாது. பக்கத்தில் பாறையில் வெட்டிய சுத்திகரிப்புக் குளங்கள் பல. மூவாயிரம்பேரின் ஞானஸ்நானம் இங்கே நடந்திருக்கலாம் என்பது ஊகம். ஆனால் தண்ணீரும் இடமும் இருந்தன என்பதைக் கண்ணால் பார்க்கலாம். டிக்கெட் உண்டு, சனிக்கிழமை மூடியிருக்கும்.

அங்கிருந்து சரிவில் இறங்கினால் சீலோவாம் குளம். கழிவுநீர்க் குழாய் வேலைக்காகத் தோண்டியபோது 2004இல் அதன் படிகள் வெளிப்பட்டன. கூடாரப் பண்டிகையில் ஆசாரியர்கள் இங்கிருந்து தங்கக் குடத்தில் மூன்று லோக், அதாவது ஒரு லிட்டர் அல்லது அதற்குச் சற்று மேல், தண்ணீர் மொண்டு பலிபீடத்துக்கு எடுத்துப் போவார்கள். அந்தப் பண்டிகையின் கடைசி நாளில்தான் இயேசு, தாகமாயிருக்கிறவன் என்னிடம் வரட்டும் என்று சத்தமிட்டார். ஜீவத்தண்ணீர் என்று அவர் சொன்னது ஆவியைக் குறித்து என்று யோவான் 7:39 விளக்கம் கொடுக்கிறது. எசேக்கியா ராஜாவின் 533 மீட்டர் சுரங்கம் வழியாக வர விரும்புகிறவர்களுக்கு டார்ச்சும் நனைந்தாலும் பரவாயில்லை என்ற செருப்பும் வேண்டும். தொடக்கத்தில் தண்ணீர் தொடையளவு ஏறும், குனிந்தே நடக்கவேண்டிய இடங்களும் உண்டு. குளத்தில் அகழாய்வு நடப்பதால் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்பதை முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள். வசனம் வாசிக்க மூன்று நிமிடம் போதும், வாசலுக்குத் திரும்பி ஏறத்தான் இருபது நிமிடம். மதிய வெயிலில் அந்த ஏற்றம் முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாது. அவர்களுக்குக் கீழேயே ஒரு டாக்சி சொல்லி வைத்துவிடுங்கள்.