பதினாறா, பதினேழா

“கேட்டது கெடைச்சா எதுக்கு மேடம் அடம் புடிக்கப் போறான்?”

பிள்ளைகளின் மனசும் நடத்தையும் எப்படி இருக்கின்றன என்று ஓர் ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன். வினாத்தாளின் ஐந்தாவது கேள்விக்கு ஒரு வீட்டு அம்மா சொன்ன பதில் இது. பிள்ளைக்கு அடிக்கடி கோபம் வருமா, அடம்பிடிப்பானா என்று கேட்டிருந்தேன். ‘உண்மையில்லை’, ‘ஓரளவு உண்மை’, ‘நிச்சயமாக உண்மை’ என மூன்று கட்டங்கள்தான் என்னிடம் இருந்தன. அவர் சொன்னது எதிலும் அடங்கவில்லை. நடுக்கட்டத்தில் டிக் போட்டேன். அந்த நேரம் பார்த்து, மடியில் கிடந்த நாலரை வயசுப் பையன் டம்ளரைத் தூக்கி எறிந்தான். என் பேனா மூன்றாவது கட்டத்துக்குப் போனது. முதலில் போட்டதை அடிக்க மறந்துவிட்டேன்.

அன்று இரவு கூட்டிப் பார்த்தேன். நடுக்கட்டம் என்றால் 16, மூன்றாவது என்றால் 17. ராபர்ட் குட்மன் என்ற பிரிட்டன் மனநல மருத்துவர் 1997இல் வெளியிட்ட வினாத்தாள் அது. மொத்தம் 25 கேள்விகள். டிக் விழும் கட்டத்தைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2; அதில் 20ஐக் கூட்டினால் அதிகபட்சம் 40. பெற்றோர் சொல்லும் பதில்களில் 14 முதல் 16 வரை எல்லைக்கோடு. 17 வந்துவிட்டால் பிள்ளை கோட்டைத் தாண்டி, ‘பிரச்சினை இருக்கலாம்’ என்ற பக்கம் போய்விடுவான். அந்தக் கோடு பிரிட்டன் பிள்ளைகளை வைத்துப் போட்டது.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து போன். “அஞ்சாவதுல ரெண்டு டிக் இருக்கே, எதை எடுத்துக்கிறது?” யோசிக்கவே இல்லை, “மூணாவது” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? டம்ளர் பறந்ததைக் கண்ணால் பார்த்தேனே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் அது பகல் ஒரு மணி. சோறு ஆகவில்லை. முக்கால் மணி நேரமாக அவன் அம்மாவை நான் பிடித்து வைத்திருந்தேன். எந்தப் பிள்ளைதான் எறியாது? போதாததற்கு அந்தத் தாள் கேட்பது அன்றைய ஒரு மணியை அல்ல, கடந்த ஆறு மாதத்தை.

நான் போனது 2024 மே. அதற்கு முந்தைய ஆறு மாதம் வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் எப்படிப் போனது என்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டிசம்பரில் மிக்ஜாம் புயல். வீட்டுக்குள் தண்ணீர், கட்டில் மேல் பிள்ளையை வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி. அதிலிருந்து மழைச் சத்தம் கேட்டால் அம்மாவின் நைட்டியை விடமாட்டானாம். பயத்துக்கு ஒரு 2, ஒட்டிக்கொள்வதற்கு ஒரு 2. அப்புறம் ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது, 61 நாள். அப்பா காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர். “வூட்லயே கெடக்குறாரு, எல்லாத்துக்கும் கத்துறாரு. நானும் இவனைத்தான் அடிக்கிறேன்” என்று அந்த அம்மாவே சொன்னார். அதற்கு வினாத்தாளில் இடமில்லை.

ஆனால் ஆராய்ச்சியில் இடமுண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் விவசாயம் நொடித்த காலத்தில் ராண்ட் காங்கர் என்பவர் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து இதைத்தான் சொன்னார். பணமுடை நேராகப் பிள்ளையிடம் போவதில்லை. பெற்றோரின் மனசு வழியாக, அவர்களுடைய கை வழியாகப் போகிறது. 2003இல் வந்த இன்னொரு ஆய்வை நான் அடிக்கடி நினைப்பேன். வட கரோலினாவில் செரோக்கி பழங்குடிக் குடும்பங்களுக்குச் சூதாட்ட விடுதி லாபத்தில் பங்கு வரத் தொடங்கியதும், வறுமையிலிருந்து மீண்ட வீட்டுப் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் எதிர்த்து நிற்பதும் குறைந்தன. பயமும் கவலையும் அப்படிக் குறையவில்லை. அவர்கள் இவனைவிடப் பெரிய பிள்ளைகள், தெரியும். இருந்தாலும் அந்த அம்மா சொன்னது அதுதானே? கேட்டது கிடைத்தால் அடம் போய்விடும். மழைப் பயம் போகும் என்று அவர் சொல்லவில்லை.

இவ்வளவும் தெரிந்துதான் “மூணாவது” என்றேன். உள்ளுக்குள் இன்னொரு எண்ணமும் இருந்தது, இப்போதுதான் ஒத்துக்கொள்ள முடிகிறது. எண்ணிக்கை கூடினால் யாராவது இந்தத் தெருக்களைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தான். அதற்காக ஒரு பிள்ளையைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளலாமா?

அன்று கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார். “புள்ளைக்கு எதுனா கொறை இருக்குதா மேடம்? இவ்ளோ கேக்குறீங்களே.”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. நல்லா இருக்கான்.”

வீட்டாரிடம் மதிப்பெண் சொல்லக் கூடாது என்பது விதி. எல்லோருக்கும் கொடுக்கிற மாதிரி, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை விவரம் எழுதிய தாளைக் கொடுத்தேன். அதை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். வாயால் ஒன்று சொல்லிவிட்டு, காகிதத்தில் வேறொன்று எழுதியிருக்கிறேன். இரண்டில் எது பொய் என்று கேட்டால், ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றொன்று என்றுதான் படுகிறது. அந்த எண் நோயைச் சொல்லும் முடிவல்ல, வடிகட்டிப் பார்ப்பதற்கு மட்டுமே. நான் சொன்னது ஆறுதல். ஆனால் அந்த ஆறுதலை நம்பி, மழைக்குப் பயப்படுகிற பிள்ளையை அவர் எங்கேயும் காட்டாமல் விட்டிருந்தால்?

வாசல் வரை வந்து, “போட் கடலுக்குப் போச்சுன்னா இவனும் சரியாப்பூடுவான். அப்ப வந்து எழுதிக்கோங்க மேடம்” என்றார். வீட்டுக்கு ஒரு முறைதான் போக வேண்டும் என்பது திட்டம். சரிக்கா என்றேன்.

ஜூன் கடைசியில் வேறொரு வீட்டுக்காக அதே தெருவுக்குப் போனேன். பையில் நிரப்பாத தாள்கள் இருந்தன. அந்த அம்மா வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. நான் எதிர்ப்பக்கமாக நடந்து போய்விட்டேன்.